மேம்படுத்தலுக்குப் பின் எழாத ரெய்டு அணியை மீட்டெடுத்த அனுபவம்

லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு உயர்த்திய பிறகு மென்பொருள் ரெய்டு அணி, அதாவது பல வட்டுகளை ஒரே சேமிப்பிடமாக இணைக்கும் அமைப்பு, எழவில்லை என்றால், பெரும்பாலான நேரங்களில் தரவு அப்படியே இருக்கிறது. அணியின் அமைப்பைப் பற்றிய விவரம் இயங்குதளத்திடம் இருப்பதில்லை. ஒவ்வொரு வட்டிலும் சூப்பர்பிளாக் என்னும் சிறு பகுதியில், இந்த வட்டு எந்த அணியைச் சேர்ந்தது, அதில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது, வட்டுகளுக்குத் தரவைப் பிரித்து எழுதும் துண்டின் அளவு எவ்வளவு, தரவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பவை எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. மேம்படுத்தல் மாற்றுவது இந்த விவரத்தைத் தேடிப் படிக்கும் மென்பொருளையும் அதன் அமைப்புக் கோப்புகளையும்தான். உண்மையான அழிவு பெரும்பாலும் அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்தில், அணியைத் திரும்ப எழுப்பும் அவசரத்தில் இடப்படும் கட்டளைகளால் நேர்கிறது. ஆகவே முழுதாகப் படித்து முடிக்கும் வரை வட்டில் ஒரு பைட்டும் எழுதக் கூடாது என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டுதான் கீழே சொல்லும் மீட்பைச் செய்து முடித்தேன்.

நான் பராமரிக்கும் கோப்புச் சேவையகம் ஒரு சிறு குழுவுக்குரியது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த ஒலிப்பதிவுகளும் ஸ்கேன் செய்த ஆவணங்களும் ஒளிப்படங்களும் அதில் இருக்கின்றன. 4 டெராபைட் வட்டுகள் நான்கு, ஒரு வட்டு பழுதானாலும் தரவு தங்கும் ரெய்டு 5 முறையில், 12 டெராபைட் இடம் தரும் ஓர் அணியாக இணைக்கப்பட்டிருந்தன. இயங்குதளம் தனியாக ஓர் எஸ்எஸ்டியில் இருந்தது. வெளியே ஒரு காப்பு நகல் உண்டு என்றாலும் அண்மைய மாதங்களில் சேர்ந்த பதிவுகள் அதில் இல்லை. இயங்குதளத்தைப் புதிய நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு உயர்த்தியபோது, பூட் ஆகும் முறையையும் பழைய பயாஸிலிருந்து யூஇஎஃப்ஐக்கு மாற்றினோம். தொகுப்புகள் யாவும் சிக்கலின்றி நிறுவப்பட்டன. ஆனால் இறுதி மறுதொடக்கத்தின்போது கணினி அணையாமல் நடுவில் நின்றுவிட்டது. மின்சாரத்தைத் துண்டித்துத்தான் மீண்டும் இயக்க முடிந்தது.

மீண்டும் எழுந்தபோது, அணிக்குரிய எம்டி0 என்ற சாதனத்துக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு, சேவைகளைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி அவசர நிலை முனையத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. இந்தக் காட்சி அச்சமூட்டுவதாக இருந்தாலும், பூட்டின்போது இணைக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் குறிப்பிட்ட ஒரு கோப்பு முறைமை கிடைக்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. அந்த வரியின் தொடக்கத்தில் கருத்துக் குறி இட்டுவிட்டால் கணினி வழக்கம்போல எழுந்துவிடும். இதனால் மாறுவது எஸ்எஸ்டியில் உள்ள ஒரு உரைக்கோப்பு மட்டுமே. அணியின் வட்டுகள் தொடப்படுவதில்லை. பிணையத்தோடும் எல்லாக் கருவிகளோடும் இயங்கும் கணினியில் அமர்ந்து ஆராய்வதற்கும், அவசர முனையத்தின் நெருக்கடியில் ஆராய்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு என்பதால் இதையே முதலில் செய்தேன்.

அடுத்து ப்ராக் அடைவில் இருக்கும் எம்டிஸ்டாட் கோப்பைப் பார்த்தேன். எம்டி0 அங்கே இல்லை. அதற்குப் பதிலாக எம்டி127 என்ற பெயரில், செயலற்றது என்ற குறிப்போடு ஓர் அணி இருந்தது. அதில் மூன்று வட்டுகள் மட்டுமே காணப்பட்டன. மூன்றின் அருகிலும் உபரி வட்டைக் குறிக்கும் எஸ் என்ற எழுத்து அடைப்புக்குள் நின்றது. இந்த இடத்தில் பலர் தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வட்டுகள் எல்லாம் உபரிகளாக மாறிவிட்டன, அணியின் அமைப்பே தொலைந்துவிட்டது என்று எண்ணி, அதைப் புதிதாக உருவாக்கக் கிளம்புகிறார்கள். உண்மையில், இயக்கப்படாத அணியில் எந்த உறுப்புக்கும் இன்னும் பங்கு ஒதுக்கப்பட்டிருக்காது என்பதால் இயங்குதளத்தின் கருவான கெர்னல் எல்லாவற்றையும் அப்படித்தான் காட்டும். வட்டின் சூப்பர்பிளாக்கில் அதன் இடம் மாறாமல் இருக்கும்.

127 என்ற எண்ணும் கவலைப்பட வேண்டியதன்று. அமைப்புக் கோப்பில் அணிக்குரிய வரி இல்லாதபோதும், சூப்பர்பிளாக்கில் பதிந்த கணினிப் பெயர் தற்போதைய கணினிப் பெயரோடு பொருந்தாதபோதும், அந்த அணியை வேற்றுக் கணினியிலிருந்து வந்ததாகக் கருதி அணிகளை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கருவி 127 முதல் கீழ்நோக்கி எண் தருகிறது. மேம்படுத்தலின்போது எம்டிஏடிஎம் அமைப்புக் கோப்பு புதிய தொகுப்போடு வந்த வெறும் கோப்பாக மாறியிருந்தது; புதிதாகக் கட்டப்பட்ட இனிட்ராம்எஃப்எஸ், அதாவது பூட்டின் தொடக்கத்தில் ஏற்றப்படும் சிறு கோப்புத் தொகுப்பு, அந்த வெறும் கோப்பையே எடுத்துக்கொண்டது. பெயர் மாறியதற்குக் காரணம் அவ்வளவே.

ஆனால் மூன்று வட்டுகள் இருந்தும் அணி ஏன் இயங்கவில்லை? நான்கு வட்டுகள் கொண்ட ரெய்டு 5 ஒரு வட்டு இல்லாமலும் இயங்க வேண்டும். சிஸ்டம்டியும் காணாத வட்டுக்காக 30 வினாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, இருப்பவற்றைக் கொண்டு இயக்க முயலும். விடை கெர்னலின் பதிவில் இருந்தது: தூய்மையற்ற, குறைபட்ட அணியை இயக்க முடியாது என்று அது தெளிவாகச் சொல்லியிருந்தது. மின்சாரம் துண்டிக்கப்பட்ட தருணத்தில் எழுத்து முழுமையடைந்ததா என்பது உறுதியில்லை. அதனால் அணி தூய்மையற்றது. ஒரு வட்டு காணவில்லை. அதனால் அது குறைபட்டது. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் கெர்னல் தானே சரிசெய்துகொள்ளும். இரண்டும் சேர்ந்தால், காணாத வட்டின் உள்ளடக்கத்தை மற்ற வட்டுகளில் இழப்பை ஈடுகட்ட எழுதிவைத்த சமநிலைத் தரவிலிருந்து (பாரிட்டி) கணக்கிட வேண்டியிருக்கும்போது அந்தச் சமநிலைத் தரவையே முழுமையாக நம்ப முடியாது. ரெய்டு 5 முறையின் எழுத்துத் துளை என்று சொல்லப்படும் பலவீனம் இதுதான். எனவே மனிதர் ஒருவர் பார்த்து முடிவெடுக்கட்டும் என்று கெர்னல் நின்றுவிடுகிறது. அந்தத் தயக்கம் சரியானது என்றே நான் கருதுகிறேன். அதைத் தொல்லையாக எண்ணி உடனே வலுக்கட்டாயமாக இயக்குவது முறையாகாது.

இனி ஆவணப்படுத்தல். எம்டிஏடிஎம் கட்டளையின் எக்ஸாமின் விருப்பம் வட்டைப் படிக்க மட்டுமே செய்யும். நான்கு வட்டுகளுக்கும் அதன் வெளியீட்டைத் தனித்தனிக் கோப்புகளில் எடுத்து, வேறொரு கணினிக்கு நகலெடுத்துவைத்தேன். எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டின்போதும் மாறக்கூடியவை. புதிய கெர்னலில் அவை மாறும் வாய்ப்பு இன்னும் கூடுதல். ஆகையால் எல்எஸ்பிஎல்கே கட்டளையால் ஒவ்வொரு வட்டின் வரிசை எண்ணையும் எடுத்து, வட்டின் மேல் ஒட்டிய தாளில் அச்சான எண்ணோடு சரிபார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை தந்த நலக்குறிப்புகளில் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களுக்குரிய வரிகளை முதலில் பார்த்தேன். மாற்றியமைக்கப்பட்ட செக்டார்கள், மாற்றத்துக்குக் காத்திருக்கும் செக்டார்கள், திருத்த முடியாதவை என்பவற்றை அவை சொல்கின்றன. அவை மூன்று வட்டுகளிலும் சுழியமாக இருந்தது நிம்மதி தந்தது. அங்கே எண்கள் ஏறியிருந்தால் வேறு எதையும் தொடாமல், முதலில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ கொண்டு அந்த வட்டுகளை நல்ல வட்டுகளுக்கு நகலெடுத்து, நகல்களின் மேல்தான் மேற்கொண்டு வேலை செய்திருப்பேன்.

எக்ஸாமின் வெளியீட்டில் சில வரிகளைப் பொறுமையாக ஒப்பிட வேண்டும். அணியின் தனி அடையாள எண்ணான யூயூஐடி எல்லா உறுப்புகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மெட்டாடேட்டா பதிப்பு, துண்டின் அளவு, தரவு தொடங்கும் இடம், சாதனத்தின் பங்கு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது நிகழ்வு எண்ணிக்கை. அணியின் நிலை மாறும்போதெல்லாம் இந்த எண் எல்லா உறுப்புகளிலும் சேர்ந்தே ஏறும். ஒரு வட்டு அணியிலிருந்து விலகிவிட்டால் அதில் மட்டும் எண் நின்றுவிடும். ஆகவே எண்களுக்கு இடையே உள்ள இடைவெளி, எந்த வட்டு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. சில எண்களே குறைந்திருந்தால் அந்த வட்டு கடைசி நொடிகளில் விலகியது. அதைச் சேர்த்து இயக்கினால் இழப்பு மிகச் சிறிதாக இருக்கும். ஆயிரக்கணக்கில் குறைந்திருந்தால் அது பல நாள்களுக்கோ வாரங்களுக்கோ முன்பே விலகியது. அதை வலிந்து சேர்ப்பது புதிய தரவோடு பழைய தரவைக் கலந்து கோப்பு முறைமையையே சிதைத்துவிடும். எங்கள் மூன்று வட்டுகளிலும் நிகழ்வு எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தது. கடைசியாக இற்றைப்பட்ட நேரமும் மின்சாரம் துண்டிக்கப்பட்ட நேரத்தோடு பொருந்தியது.

நான்காவது வட்டு வேறு கதை சொன்னது. எக்ஸாமின் விருப்பத்துக்கு அது ரெய்டு விவரம் எதையும் தரவில்லை; எம்பிஆர் என்னும் பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணையின் அடையாளம் ஒன்றையும், இஇ வகையைச் சேர்ந்த ஒரு பார்ட்டிஷனையும் மட்டும் காட்டியது. இது ஜிபிடி என்னும் புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை உள்ள வட்டின் அடையாளம். ஆனால் அந்த வட்டில் பார்ட்டிஷனே கிடையாது. முன்பு ஒரு வட்டு பழுதானபோது, அதற்கு மாற்றாக வேறு கணினியில் பயன்பட்டிருந்த இந்த வட்டு, பார்ட்டிஷன் செய்யப்படாமல் முழு வட்டாகவே அணியில் சேர்க்கப்பட்டிருந்தது. மற்ற மூன்றிலும் பார்ட்டிஷன்கள்தான் உறுப்புகள்.

என்ன நடந்தது என்பது எண்களைப் பார்த்தால் விளங்கும். 1.2 பதிப்பு மெட்டாடேட்டாவில் சூப்பர்பிளாக் வட்டின் தொடக்கத்திலிருந்து 4096ஆவது பைட்டில் இருக்கிறது. 512 பைட் செக்டார்களாக எண்ணினால் அது 8ஆவது செக்டார். ஜிபிடியின் தலைப்பு 1ஆவது செக்டாரிலும், அதன் பதிவுகள் 2 முதல் 33 வரையுள்ள செக்டார்களிலும் அமைகின்றன. அதே அட்டவணையின் மறுபடி, அதாவது இன்னொரு நகல், வட்டின் கடைசி செக்டார்களில் வைக்கப்படுகிறது. முழு வட்டையும் ரெய்டு உறுப்பாக்கும்போது தொடக்கத்தில் இருந்த பழைய அட்டவணை மறைந்துவிட்டாலும், கடைசியில் உள்ள மறுபடி யாரும் தொடாமல் தங்கிவிடக்கூடும். பயாஸ் முறையில் பூட் ஆன காலத்தில் அதை எவரும் தேடவில்லை. யூஇஎஃப்ஐக்கு மாறியதும், தாய்ப்பலகையின் நிலைபொருள் (ஃபர்ம்வேர்) கடைசியில் இருந்த மறுபடியைக் கண்டு, தொடக்கத்தில் இருக்க வேண்டிய அட்டவணை சேதமடைந்துவிட்டது என்று முடிவுகட்டி, அதைத் திருத்தி எழுதிவிட்டது. சில நிலைபொருள்கள் யாரையும் கேட்காமலே இப்படிச் செய்கின்றன. சூப்பர்பிளாக் அந்த எழுத்தின் அடியில் போயிற்று. தரவு தொடங்கும் இடமோ மற்ற வட்டுகளில் இருந்ததுபோல 128 மெகாபைட்டுக்குச் சற்று அப்பால் என்பதால் தரவில் ஒரு செக்டார்கூடப் பாதிக்கப்படவில்லை.

வேறொரு கணினியில் பயன்பட்ட வட்டை அணியில் சேர்ப்பதற்கு முன் வைப்எஃப்எஸ் கட்டளையால் பழைய அடையாளங்கள் அனைத்தையும், கடைசியில் உள்ள மறுபடி உட்பட, துடைத்துவிட வேண்டும் என்றும், முழு வட்டைச் சேர்ப்பதைவிடப் பார்ட்டிஷன் அமைத்து அதைச் சேர்ப்பதே பாதுகாப்பானது என்றும் இப்போது உறுதியாகச் சொல்வேன். அட்டவணை ஒன்று முறையாக இருந்தால் எந்த நிலைபொருளும் எந்த நிறுவல் கருவியும் அந்த வட்டை வெறுமையானது என்று எண்ணாது.

இந்தக் கட்டத்தில்தான், அணியை அதே வட்டுகளோடு கிரியேட் கட்டளையால் மீண்டும் உருவாக்கி, வட்டுகளில் உள்ளதைச் சரியென்றே கொள்ளும் அஸ்யூம் கிளீன் விருப்பத்தைச் சேர்த்துவிடலாம் என்ற யோசனை குழுவில் ஒருவரிடமிருந்து வந்தது. இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் அறிவுரை அது. அதை நான் ஏற்கவில்லை. காரணத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். கிரியேட் கட்டளை பழைய சூப்பர்பிளாக்குகளின் மேல் புதியவற்றை எழுதிவிடும். அதற்கு மேல் பழைய அமைப்பை அறிய வழியில்லை. புதியவை பழையவற்றைப் போலவே இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. துண்டின் இயல்பளவு ஒரு காலத்தில் 64 கிலோபைட்டாக இருந்து, எம்டிஏடிஎம் 3.1 பதிப்பில் 512 கிலோபைட்டாக மாறியது. தரவு தொடங்கும் இடத்தின் இயல்பு மதிப்பும் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. ஒரு மெகாபைட்டில் தொடங்கிய பழைய அணியைப் புதிய கருவியால் உருவாக்கினால் தரவு 128 மெகாபைட்டில் தொடங்குவதாக அது எழுதிவிடும். வட்டுகளின் வரிசையும் முக்கியம். பெயர்கள் மாறியிருக்கும் கணினியில் அகரவரிசைப்படி வட்டுகளைக் கொடுத்தால் அணி இயங்கும், ஆனால் உள்ளே கோப்பு முறைமை தெரியாது. அப்போது பதறிப்போய், கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டினால் அது தவறான வரிசையில் தெரியும் தரவைத் திருத்த முயன்று உண்மையான தரவை அழித்துவிடும். அஸ்யூம் கிளீன் விருப்பத்தை எழுத மறந்தாலோ, ஒரு வட்டின் மேல், மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு எழுதும் மீளமைப்பு உடனே தொடங்கிவிடும். சூப்பர்பிளாக்குகள் போதிய வட்டுகளில் நலமாக இருக்கும்போது இந்த வழிக்குப் போகவே தேவையில்லை. இரண்டு வட்டுகளில் அவை தொலைந்திருந்தால் மட்டுமே, அதுவும் எல்லா அளவுகளையும் வெளிப்படையாகக் கொடுத்து, அடுத்துச் சொல்லப்போகும் மேலடுக்குகளின் மேல் மட்டுமே இதை முயல வேண்டும்.

மேலடுக்கு முறையை நான் மிகவும் மதிக்கிறேன். ஒவ்வொரு வட்டுக்கும், எழுதப்படும் வரை இடம் பிடிக்காத ஸ்பார்ஸ் கோப்பு ஒன்றை வேறு வட்டில் உருவாக்கி, அதை லூப் சாதனமாக்கி, டிஎம்செட்டப் கட்டளையால் உண்மையான வட்டின் மேல் ஸ்னாப்ஷாட்டாக விரிக்க வேண்டும். இதன்பின் கிடைக்கும் சாதனத்தைப் படிக்கும்போது உண்மையான வட்டின் உள்ளடக்கம் தெரியும். எழுதும்போது எல்லாம் அந்தக் கோப்பில் போய்ச் சேரும். வட்டு துளியும் மாறாது. கோப்பு நிரம்பிவிட்டால் மேலடுக்கு செல்லாததாகிவிடுமே தவிர, அடியில் உள்ள வட்டுக்கு ஒன்றும் ஆகாது. கூடுதல் காப்பாக, பிளாக்டெவ் கட்டளையால் உண்மையான வட்டுகளைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றியும் வைத்தேன். முழு வட்டுகளையும் நகலெடுக்க இடம் இல்லாதவர்களுக்கு இது பெரும் கொடை. எந்தச் சோதனையையும் அச்சமின்றிச் செய்து பார்த்து, பிடிக்கவில்லை என்றால் மேலடுக்கை நீக்கிவிட்டுத் தொடக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

மேலடுக்கு அமைக்கும் முன் எம்டி127 அணியை ஸ்டாப் கட்டளையால் நிறுத்த வேண்டும். செயலற்றதாகத் தெரிந்தாலும் அது வட்டுகளைப் பிடித்து வைத்திருக்கும். நிறுத்தாமல் அடுத்த கட்டளையை இட்டால் சாதனம் வேலையில் இருக்கிறது என்ற மறுமொழிதான் கிடைக்கும். வட்டு பழுது என்று பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்வதைக் கண்டிருக்கிறேன்.

மூன்று மேலடுக்குகளின் பெயரையும் தனித்தனியே கொடுத்து, ஃபோர்ஸ் விருப்பத்தோடு அசெம்பிள் கட்டளையை இட்டேன். ஸ்கேன் விருப்பத்தை இங்கே பயன்படுத்தக் கூடாது. அது மேலடுக்குகளை விட்டுவிட்டு உண்மையான வட்டுகளைப் பிடித்துக்கொள்ளக்கூடும். கருவி அணியைத் தூய்மையானது என்று குறித்துக்கொண்டு, நான்கில் மூன்று உறுப்புகளோடு அதை இயக்கியது. அந்தக் குறிப்பும் மேலடுக்கில்தான் எழுதப்பட்டது. அடுத்து எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்ற விருப்பத்தோடு நோலோடு விருப்பத்தையும் சேர்த்து இணைத்தேன். இதைச் சேர்க்காவிட்டால், படிக்க மட்டும் என்று சொன்னாலும் எக்ஸ்ட்4 முடிவடையாத மாற்றங்களின் குறிப்பான தன் ஜர்னலை ஓட்டி வட்டில் எழுதும். எக்ஸ்எஃப்எஸ் முறைமைக்கு இதற்கு இணையானது நோரெகவரி விருப்பம். அடைவுகள் எல்லாம் தம் இடத்தில் இருந்தன.

அடைவுகள் தெரிவதாலேயே தரவு நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. வட்டுகளின் வரிசையோ துண்டின் அளவோ தவறாக இருந்தாலும் சிறு கோப்புகளும் அடைவுப் பெயர்களும் சரியாகத் தெரியலாம். பல துண்டுகளில் பரவும் பெரிய கோப்பைத் திறந்தால்தான் சிதைவு புலப்படும். ஆகவே பெரிய ஒலிப்பதிவுகள் பலவற்றை முழுவதுமாக ஓட்டிப் பார்த்தேன். பழைய காப்பு நகலோடு ஆர்சிங்க் கட்டளையை, எதையும் எழுதாத ஒத்திகை முறையில், செக்சம் ஒப்பீட்டோடு ஓட்டினேன். அது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் இரு பக்கங்களிலும் உள்ள ஒவ்வொரு பைட்டையும் படித்துவிடும் என்பதால் அதைவிட நம்பத்தக்க சான்று வேறில்லை. எழுத்துத் துளையின் பாதிப்பு இருந்தால் அது மின்சாரம் துண்டிக்கப்பட்ட தருணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த இடங்களில்தான் இருக்கும் என்பதால், கடைசி நாளில் மாறிய கோப்புகளை ஃபைண்ட் கட்டளையால் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒரு பதிவுக் கோப்பின் கடைசி வரிகள் மட்டும் முழுமையற்றிருந்தன.

எஃப்எஸ்சிகே சோதனையையும் மேலடுக்கின் மேலேயே நடத்தினேன். எதையும் திருத்தாத ‘-n’ என்ற விருப்பத்தோடு ஓட்டும்போது ஜர்னல் ஓட்டப்படாததால் இல்லாத பிழைகளும் பட்டியலில் வரும். அவற்றைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. மேலடுக்கில் இருப்பதால் திருத்தும் முறையிலேயே துணிந்து ஓட்டி, அது எதை எதைத் திருத்துகிறது என்று பார்த்தேன். ஜர்னலை ஓட்டியதும் சில எண்ணிக்கைகளைச் சரிசெய்ததும் தவிர வேறொன்றும் இல்லை. உண்மையான வட்டில் என்ன நடக்கும் என்பது இப்போது முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

அணியைச் சீராக்கும் முன், காப்பு நகலில் இல்லாத கோப்புகளை எல்லாம் மேலடுக்கிலிருந்தே வெளி வட்டுக்கு எடுத்துக்கொண்டேன். குறைபட்ட ரெய்டு 5 அணிக்கு இனி எந்த இழப்பையும் தாங்கும் வலிமை இல்லை. மீளமைப்பு என்பது மிஞ்சிய மூன்று வட்டுகளையும் முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை படிக்கவைக்கும் கடுமையான வேலை. அந்த உழைப்பின் நடுவே இன்னொரு வட்டு தளர்ந்துவிடுவது அரிதன்று. இந்த வரிசையை மாற்றவே கூடாது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

நகல் முடிந்ததும் மேலடுக்குகளை நீக்கிவிட்டு, வட்டுகளைப் பழைய நிலைக்கு மாற்றி, அதே அசெம்பிள் கட்டளையை உண்மையான பார்ட்டிஷன்களின் மேல் இட்டேன். ஒத்திகையில் கண்டதே இங்கும் நடந்தது. காணாமல்போன இடத்துக்கு, நிலைபொருள் கெடுத்த அந்த நான்காவது வட்டை உடனே சேர்க்காமல் புதிய வட்டு ஒன்றைச் சேர்த்தேன். பழைய வட்டில் தரவு ஏறத்தாழ முழுமையாக இருக்கிறது. மீளமைப்பின்போது இன்னொரு வட்டு பழுதானால், அதைக் கொண்டு மேலடுக்கின் மேல் அணியைத் திரும்பக் கட்ட வழி இருக்கும். அதையே அணியில் சேர்த்தால் மீளமைப்பு அதன்மேல் எழுதி அந்த வழியை அடைத்துவிடும். ஆகையால் அதைக் கழற்றி, வரிசை எண்ணும் அணியில் அது வகித்த பங்கு எண்ணும் எழுதிய தாளை ஒட்டித் தனியே வைத்தேன்.

புதிய வட்டில் மற்றவற்றைப் போலவே பார்ட்டிஷன் அமைத்து ஆட் கட்டளையால் சேர்த்ததும் மீளமைப்பு தொடங்கியது. தொடங்கும் முன் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வீட்டுக் கணினிகளுக்கான வட்டுகள் பல, படிக்க முடியாத செக்டாரைக் கண்டால் நிமிடக்கணக்கில் முயன்றுகொண்டிருக்கும். கெர்னலோ இயல்பாக 30 வினாடி மட்டுமே பொறுத்துவிட்டு வட்டையே மீட்டமைக்கும், அதனால் நல்ல வட்டும் அணியிலிருந்து விலக்கப்பட்டுவிடக்கூடும். இந்த முயற்சிக்குக் கால வரம்பு வைக்கும் எஸ்சிடி இஆர்சி வசதி உள்ள வட்டுகளில் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் அந்த முயற்சியை 7 வினாடிக்குள் நிறுத்தச் சொல்லலாம். வசதி இல்லாதவற்றுக்குக் கெர்னலின் பொறுமையை 180 வினாடியாக உயர்த்தலாம். வினாடிக்கு 150 மெகாபைட் வேகம் கிடைத்தால் 4 டெராபைட் வட்டு முழுவதும் எழுத ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும். அதுவரை கோப்பு முறைமையை யாருக்கும் திறந்துவிடவில்லை.

மீளமைப்பு முடிந்த பின் சிங்க் ஆக்ஷன் கோப்பில் செக் என்று எழுதி முழு அணியையும் ஒருமுறை சோதித்தேன். சமநிலைத் தரவு பொருந்தாத இடங்களின் எண்ணிக்கை மிஸ்மேட்ச் கவுண்ட் கோப்பில் வரும். ரெய்டு 5, 6 அணிகளில் அது சுழியமாகவே இருக்க வேண்டும். இருந்தது.

மீட்பைவிட எளிதாகத் தோன்றும் கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். டீடெய்ல் ஸ்கேன் விருப்பங்களோடு எம்டிஏடிஎம் தரும் வரியை அமைப்புக் கோப்பில் சேர்க்க வேண்டும். டெபியன் வழி வந்த இயங்குதளங்களில் அந்தக் கோப்பு ஈடிசி அடைவுக்குள் எம்டிஏடிஎம் என்ற உள்ளடைவில் இருக்கிறது. ஃபெடோரா குடும்பத்தில் நேரடியாக ஈடிசி அடைவில் இருக்கிறது. சேர்த்ததும் இனிட்ராம்எஃப்எஸ் மீண்டும் கட்டப்பட வேண்டும்: முன்னதில் அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் கட்டளை, பின்னதில் டிராகட். இதைச் செய்யாவிட்டால் அமைப்புக் கோப்பு சரியாக இருந்தும் அடுத்த பூட்டில் மீண்டும் எம்டி127 வந்து நிற்கும், ஏனென்றால் பூட்டின் தொடக்கத்தில் படிக்கப்படுவது இனிட்ராம்எஃப்எஸ் உள்ளே இருக்கும் பழைய நகல். எஃப்எஸ்டேப் கோப்பிலும் சாதனப் பெயரை நீக்கிவிட்டுக் கோப்பு முறைமையின் யூயூஐடியைக் குறித்தேன். எண் எதுவானாலும் இனி இணைப்பு நடக்கும். இயங்குதளம் இந்த அணியில் இல்லாததால் அணி கிடைக்காவிட்டாலும் பூட்டை நிறுத்தாத நோஃபெயில் விருப்பத்தையும் சேர்த்தேன். அதன்பின் கணினியை மறுதொடக்கம் செய்து பார்த்துத்தான் சேவையகத்தைக் குழுவிடம் ஒப்படைத்தேன்.

எல்லா மேம்படுத்தல் சிக்கல்களும் இதே வடிவில் வருவதில்லை. பிற கணினிகளில் நான் பார்த்தவற்றுள், புதிய இனிட்ராம்எஃப்எஸ் உள்ளே ரெய்டு456 என்ற கெர்னல் நிரல்தொகுதி சேர்க்கப்படாமல் போய், மாட்புரோப் கட்டளையால் அதை ஏற்றியதும் அணி தானே எழுந்ததும் உண்டு. ஒரே வட்டுக்கான பல பாதைகளை நிர்வகிக்கும் மல்டிபாத் சேவை புதிதாக நிறுவப்பட்டு வட்டுகளை முன்கூட்டியே பிடித்துக்கொண்டதும் உண்டு. அணியின் மேல், சேமிப்பிடத்தைப் பகுதிகளாக நிர்வகிக்கும் எல்விஎம் இருந்தால், அணி எழுந்த பின்னும் விஜிசேஞ்ச் கட்டளையால் தொகுதிக் குழுவைச் செயல்படுத்த வேண்டியிருக்கும். இவற்றுள் தனியாகக் கவனிக்க வேண்டியது வெவ்வேறு அளவுள்ள வட்டுகளால் ஆன ரெய்டு 0 அணி. 3.14 கெர்னலில் அத்தகைய அணிகளின் தரவு அடுக்கும் முறை கவனிக்கப்படாமல் மாறிவிட்டது, அதனால் 5.4 முதல், எந்த முறையில் எழுதப்பட்டது என்று தெரியாத அணியைக் கெர்னல் இயக்க மறுக்கிறது. ரெய்டு0 தொகுதியின் டீஃபால்ட் லேஅவுட் அளவுருவுக்கு 1 அல்லது 2 என்று நாமே சொல்ல வேண்டும்: 3.14க்கு முன்பிருந்த கெர்னல்களில் எழுதப்பட்டதென்றால் 1, பின்னர் என்றால் 2. இங்கே தவறான எண்ணைக் கொடுத்துவிட்டு எழுதத் தொடங்கினால் தரவு கெடும். ஆகவே இதற்கும் முதலில் படிக்க மட்டும் என்ற நிலையில் இணைத்துப் பெரிய கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும்.

இப்போதெல்லாம் எந்தக் கணினியை மேம்படுத்துவதானாலும் அதற்கு முன் எக்ஸாமின், டீடெய்ல் வெளியீடுகளையும், எல்எஸ்பிஎல்கே தரும் வரிசை எண்களையும், எஃப்எஸ்டேப், எம்டிஏடிஎம் அமைப்புக் கோப்புகளையும் அந்தக் கணினிக்கு வெளியே எடுத்துவைக்கிறேன். காப்பு நகலை அன்றைய நிலைக்குக் கொண்டுவந்த பின், கோப்பு முறைமையை எஃப்எஸ்டேப்பில் தற்காலிகமாக நிறுத்தி, அணியையும் முறையாக ஸ்டாப் செய்துவிட்டுத்தான் பதிப்பை உயர்த்துகிறேன். நிறுத்தப்பட்ட அணி தூய்மையானதாகக் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், மறுதொடக்கம் நடுவில் நின்றாலும் தூய்மையற்ற, குறைபட்ட நிலை வராது. மேம்படுத்தல் முடிந்ததும் மானிட்டர் முறையில் டெஸ்ட், ஒன்ஷாட் விருப்பங்களோடு எம்டிஏடிஎம் கட்டளையை ஒருமுறை இட்டு, எச்சரிக்கை மின்னஞ்சல் உண்மையாகவே வந்து சேர்கிறதா என்று பார்க்கிறேன். அஞ்சல் அனுப்பும் மென்பொருள் மேம்படுத்தலில் மாறிவிட்டால் அது வராது, அப்போது ஒரு வட்டு விலகினாலும் யாருக்கும் தெரியாமல் அணி மாதக்கணக்கில் குறைபட்டே ஓடிக்கொண்டிருக்கும்.